மூட்டை மூன்று, உரம் ஒன்று

நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் என் உடம்பைப் பற்றிச் சொல்வேன். ஆலங்குடிக்குக் கிழக்கே, கருவேல முள்ளைத் தவிர வேறெதுவும் நிற்காது என்று எல்லோரும் கைவிட்ட மேட்டில் கடலை உடைக்கும் மில் கட்டினேன். அந்த மேட்டுக்குக் கரண்ட் வராது என்றார்கள். வரவழைத்தேன். தண்ணீர் கிடையாது என்று போர் போட வந்தவரே கை விரித்தார். நான் காலை ஊன்றிக் காட்டிய இடத்தில் குழாய் இறக்கினார்கள், இன்றைக்கும் ஊற்று அடங்கவில்லை. மாடி வீடு கட்டினேன். மகனைப் படிக்க வைத்துத் துபாய்க்கு அனுப்பினேன். பட்டம் படித்த பெண்ணை மருமகளாகக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, கோயிலுக்கு மணி, புதுக்கோட்டையில் நாங்கள் எப்போதும் போகிற தனியார் ஆஸ்பத்திரிக்கு ஃபேன் என்று வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் என் பெயர் 'உபயம்: கடலை மில் அடைக்கலம்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

இவ்வளவும் செய்தவனால் ஒரு காலையில் ஒண்ணுக்குப் போக முடியவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அது ஏன் வந்தது, எப்படிப் போனது என்பதை முழுதாகச் சொல்கிறேன். என்னைப் போல அலர்ஜி மாத்திரையை மிட்டாய் மாதிரி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடலை வரத்து தொடங்கிவிட்டால் மில்லுக்குள் தொலித் தூசி புகை மாதிரி நிற்கும். மூக்கில் தண்ணீர் ஒழுகும், கண் அரிக்கும், தும்மினால் தும்மிக்கொண்டே இருப்பேன். கொஞ்ச வருஷமாக உடம்பில் தடிப்பும் சேர்ந்துகொண்டது. காணாக்கடி. எது கடித்தது என்று தெரியாமல் சிவப்புச் சிவப்பாக எழும்பி, சொரியச் சொரியப் பெருகும். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் வேப்பிலையால் தடவி மந்திரித்துவிடுவாள். தடவும்போது சுகமாக இருக்கும். கையை எடுத்தால் திரும்பவும் அரிக்கும்.

அப்போதுதான் மெடிக்கலில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். பொய் சொல்லக்கூடாது, அது அற்புதமான மாத்திரை. போட்ட கொஞ்ச நேரத்தில் மூக்கு காய்ந்தது, அரிப்பு அடங்கியது, நான் மனுஷன் ஆனேன். ஒரு மாத்திரை இவ்வளவு செய்தால் இன்னும் இரண்டு சேர்ந்தால் என்ன செய்யும் என்று என் புத்தி போனது. மில் கட்டிய புத்தி அப்படித்தான் போகும். ஒரு மோட்டார் இழுக்கவில்லை என்றால் பெரிய மோட்டார் மாட்டுகிறவன் நான்.

மூன்று மருந்து வைத்திருந்தேன். அரிப்புக்கு மெடிக்கலில் வாங்கிய சின்ன மாத்திரை. மூக்குக்கு என் மகன் துபாயிலிருந்து அனுப்பிய சளி மாத்திரை. தைலம், பவுடர், பேரீச்சம்பழத்தோடு அதுவும் பார்சலில் வரும், வெளிநாட்டுச் சரக்கு என்பதால் மரியாதை அதிகம். தொண்டைக்குச் சிவப்பு டானிக். மூடியில் ஊற்றி அளக்கிற வேலையே கிடையாது, பாட்டிலை அண்ணாந்து ஒரு மடக்கு. மூன்றும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு பெயர், வெவ்வேறு ஊர். ஆகவே வெவ்வேறு மருந்து என்று நான் முடிவு கட்டினேன். வயலுக்கு யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் என்று மூன்றும் போடுகிறோமே, அந்தக் கணக்கு.

எனக்கு மட்டும் இல்லை. மேஜை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய வைத்து, தும்முகிற ஆளுக்கெல்லாம் கொடுத்தேன். "முதலாளி கை ராசியான கை" என்று வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் தராசுக்காரர் மூட்டை மேலேயே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். வேலை அசதி என்று நினைத்தேன்.

உடம்பு எனக்கு முன்கூட்டியே சொல்லிப் பார்த்தது. வாய் வறண்டு நாக்கு மேலே ஒட்டியது. பகலில் கண் சொருகியது. ஒரு மத்தியானம் மொபெட்டில் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் நானும் மொபெட்டும் கத்தரித் தோட்டத்துக்குள் நிற்கிறோம். ரோட்டை விட்டு எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. நல்லவேளை, எதிரே லாரி இல்லை, பிள்ளைகள் யாரும் நடந்து வரவில்லை. பஞ்சவர்ணம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

"கண்ணு பட்டுருச்சு. ஊருக் கண்ணெல்லாம் ஒங்க மேலதான் கெடக்கு" என்றாள்.

எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. திருஷ்டி படுகிற அளவுக்கு வளர்ந்தவன்தானே. ராத்திரிப் படுக்கும்முன் மூன்று மருந்தையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை மில்லுக்குப் பின்னால் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் ஒரு சொட்டு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் தள்ளிவிடும் என்று ஒரு சொம்பு குடித்தேன். அது இன்னொரு முட்டாள்தனம். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு இளநீர் மாதிரி விம்மி, தொட்டால் உயிர் போனது. வேர்த்து ஊற்றியது. மில் சத்தத்தில் நான் முனகியது யாருக்கும் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மருமகள் கவிதாதான் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க மாமா, ஏன் இப்படி வளைஞ்சு நிக்கிறீங்க?"

மருமகளிடம் என்னவென்று சொல்வது? "வயித்து வலிதாம்மா" என்றேன்.

"எங்கிட்டு வலிக்கிது?"

காட்டினேன். அவள் ஒரு நொடி பார்த்தாள். வெட்கப்படவில்லை. "ஒண்ணுக்குப் போனீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். தூக்கை அப்படியே மூட்டை மேல் வைத்துவிட்டு கார் கூப்பிட ஓடினாள். புதுக்கோட்டை வரைக்கும் ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளமும் என் அடிவயிற்றில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முன்னால் சிலர் காத்திருந்தார்கள். என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். அண்ணாந்து பார்த்தால் மேலே நான் கொடுத்த ஃபேன். 'உபயம்: கடலை மில் அடைக்கலம்' மெதுவாகச் சுற்றியது. என் பெயர் எனக்கு மேலே சுற்ற, நான் கீழே துடித்துக்கொண்டு கிடந்தேன். இன்னும் கொஞ்சம் வேகமான ஃபேனாக வாங்கியிருக்கலாம் என்று அந்த வலியிலும் தோன்றியது.

டாக்டரம்மா சின்ன வயசு. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் நர்ஸிடம் ஏதோ சொன்னார். சிறுநீர்க் குழாய் வழியாக மெல்லிய ரப்பர் டியூப் ஒன்றை உள்ளே விட்டார்கள். எரிந்தது. அதன் பிறகு வந்த சுகத்தை எப்படி எழுதுவேன்? என் போர்க்குழாயில் முதல் தண்ணீர் பொங்கியபோது கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. டியூப் வழியே பை நிறைந்தது, வயிறு இறங்கியது, நான் அந்த டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உங்களுக்கு ஒரு ஏ.சி. வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"ஏ.சி. அப்பறம் வாங்கலாங்க ஐயா. மொதல்ல வீட்டுல என்னென்ன மருந்து சாப்புடுறீங்களோ, ஒண்ணு விடாம எடுத்தாரச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் கவிதா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தாள். இழுப்பறை டப்பா, துபாய் அட்டைகள், டானிக் பாட்டில், பஞ்சவர்ணத்தின் கைவலித் தைலம் எல்லாம் விழுந்தன. டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த எழுத்தைப் படித்தார். படித்துப் படித்து ஒரு பக்கமாக ஒதுக்கினார். மூன்று மருந்து ஒதுங்கியது. என் மூன்று மருந்து.

"இந்தச் சின்ன மாத்திரையில குளோர்பெனிரமின் இருக்கு. அலர்ஜிக்கான மருந்து. இந்த சளி மாத்திரையிலயும் அதேதான். இந்த டானிக்லயும் அதேதான். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டீங்களா?"

"ஆமாங்க. அது அரிப்புக்கு, இது மூக்குக்கு, அது தொண்டைக்கு."

"மூணுக்கும் பேருதான் வேறங்க ஐயா. உள்ள ஒரே மருந்து."

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். தூசி பட்டால் உடம்பு ஹிஸ்டமின் என்று ஒன்றைச் சுரக்கிறது. தும்மலும் அரிப்பும் தடிப்பும் அது செய்கிற வேலை. அலர்ஜி மாத்திரை அதைத் தடுக்கிறது. அதுவரை நல்லதுதான். ஆனால் இந்தப் பழைய வகை மாத்திரை மூளை வரை போய்த் தூங்க வைக்கும், வாயை வறட்டும், மூத்திரப் பையைச் சுருங்க விடாமல் மந்தமாக்கும். வயசான ஆம்பளைக்கு மூத்திரப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்ற சுரப்பி பருத்து வழியை நெருக்கிக்கொண்டிருக்கும். எனக்கும் பருத்திருக்கிறது, எனக்கே தெரியாது. துபாய் மாத்திரையில் மூக்கடைப்புக்கு என்று கூட ஒரு மருந்து இருக்கிறதாம், அது அந்த வழியை இன்னும் இறுக்கும். மேலே இருந்து தள்ள வேண்டிய ஆள் தூங்குகிறான், கீழே கதவும் சாத்தியிருக்கிறது. தண்ணீர் எப்படி வரும்?

ஒதுக்கி வைத்த மூன்றையும் விரலால் தொட்டு எண்ணினேன். பிறகு சொன்னேன்: "அப்ப மூட்டை மூணு, உரம் ஒண்ணு. ஒரே வயல்ல மூணு மூட்டை யூரியாவையும் கொட்டிட்டு, டி.ஏ.பி. போட்டேன், பொட்டாஷ் போட்டேன்னு நெனச்சிருக்கேன். பயிரு கருகாம என்ன செய்யும்?"

டாக்டரம்மா கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"ஐயா, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸும் கேட்டார். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

டியூபும் பையுமாக வார்டுக்கு வந்தேன். பக்கத்துக் கட்டிலில் திருமயத்துக்காரர் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் டியூப். என் பையைப் பார்த்தார், அவர் பையைப் பார்த்தார்.

"வாங்க. இங்க எல்லாருக்கும் ஒரே லக்கேஜுதான்" என்றார்.

"நான் சீக்கிரம் எறங்கிருவேன்."

"ஏறுன எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாக. விசில் டாக்டரம்மா கையிலதான இருக்கு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் டாக்டரம்மா அதைத்தான் சொல்லியிருந்தார். மூத்திரப் பை ஓய்வெடுக்கட்டும், பிறகு டியூபை எடுத்துப் பார்ப்போம். தானாகப் போனால் வீட்டுக்குப் போகலாம். போகவில்லை என்றால் திரும்பவும் டியூப், அப்புறம் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டியிருக்கும். லுங்கிக்குள் பையைக் கட்டிக்கொண்டு மில் வாசலில் நிற்கிற அடைக்கலத்தை நினைத்துப் பார்த்தேன். லோடு இறக்குகிற பையன்கள் முதலில் பரிதாபப்படுவார்கள். பிறகு சிரிப்பார்கள். சிரிப்பைத் தாங்குவேன். பரிதாபத்தைத் தாங்கமாட்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் கூழ் மாதிரி தடவி ஒரு கருவியை உருட்டினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். தண்ணீர் அடைத்து நின்றதில் கிட்னி கெட்டிருக்கிறதா என்று அது சொல்லுமாம். புற்றாக இருக்குமோ என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. பஞ்சவர்ணம் கேட்டுவிட்டாள். அந்த அறிகுறி எதுவும் இல்லை, வயசுக்குப் பருத்ததுதான், கிட்னியும் தப்பித்தது என்று பதில் வந்தபோது அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகன் துபாயிலிருந்து போனில் அழுதான்.

"நான் அனுப்புன மாத்திரையாலயாப்பா?"

"ஒன் மாத்திரை தனியா ஒண்ணும் செஞ்சிருக்காதுடா. நான்தான் கூட்டணி சேத்துட்டேன். பேரீச்சம்பழம் அனுப்பு, மாத்திரை வேணாம்."

அதற்குள் டாக்டரம்மாவோடு ஒரு சண்டை வந்தது. மூன்று மருந்தையும் நிறுத்தியதால் காணாக்கடி திரும்பி வந்துவிட்டது. முதுகு முழுக்கத் தடிப்பு. டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இனிமே செத்தாலும் அலர்ஜி மாத்திரை போடமாட்டேன்."

"மூணு போட்டதும் தப்பு, ஒண்ணுகூட வேணாங்கிறதும் தப்புங்க ஐயா. இது வேற வகை. பெரும்பாலும் தூக்கம் வராது, மூத்திரத்தையும் அவ்வளவா அடைக்காது. ஒங்க கிட்னி டெஸ்ட்டப் பாத்துட்டுத்தான் குடுக்குறேன். ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. கேக்கலைன்னா என்கிட்ட சொல்லணும், நீங்களாக் கூட்டக்கூடாது."

"ஒத்த மாத்திரை என் ஒடம்புக்கு எந்த மூலைக்கு?"

கண்டக்டர் அந்தப் பக்கமிருந்து, "ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட்டுதாங்க. பெரிய ஆளுன்னு மூணு கிழிச்சுக் குடுக்க முடியுமா?" என்றார்.

வார்டே சிரித்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பஞ்சவர்ணம் சாத்துக்குடி ஜூஸை நீட்டினாள். இந்த வகைக்குப் பழச்சாறு ஆகாது, வேலை குறைந்துவிடும், வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்ல, ஜூஸ் கண்டக்டருக்குப் போனது. அந்த ஒற்றை மாத்திரை கேட்டது. தடிப்பு வடிந்தது, கண் சொருகவில்லை.

டியூப் எடுக்கிற காலை வந்தது. அதற்கு முன்பே வழியைத் தளர்த்துகிற ஒரு மாத்திரை கொடுத்து வந்தார்கள். அதைப் போட்டால் சட்டென்று எழுந்திருக்கக்கூடாது, தலை சுற்றும். டியூபை உருவினார்கள். "அவசரப்படாம தண்ணி குடிங்க, மெதுவா நடங்க" என்றார்கள். நடந்தேன். வராந்தாவில் அங்கிட்டும் இங்கிட்டும் செக்கு மாடு மாதிரி நடந்தேன். பஞ்சவர்ணம் கூடவே வந்தாள். ஆவுடையார்கோவிலுக்கு வேண்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கழிவறைக்குப் போய்த் திரும்பினேன். இல்லை. கவிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையிலேயே எனக்கு ஆபரேஷன் தியேட்டர் தெரிந்தது.

"போர் போட்ட அன்னைக்கு எப்படி நின்னீங்க?" என்று பஞ்சவர்ணம் திடீரென்று கேட்டாள்.

"எப்படி நின்னேன்?"

"எல்லாரும் போயிட்டாக. நீங்க மட்டும் குழாயவே வெறிச்சுக்கிட்டு நின்னீங்க. நான்தான், அதையே பாக்காதீங்க, வந்து சாப்புடுங்கன்னு கூட்டியாந்தேன். சோத்துல கைய வைக்கிறோம், தண்ணி பொங்கிருச்சுன்னு சத்தம் வருது. இப்பயும் அதையே நெனைக்காதீங்க. வாங்க, இட்லி சாப்புடுங்க."

உட்கார்ந்து சாப்பிட்டேன். கவிதா கொண்டுவந்த மல்லிச் சட்னி காரமாக இருந்தது, தண்ணீர் கேட்டேன். கண்டக்டர் தான் வேலை பார்த்த ரூட்டில் ஆடு டிக்கெட் இல்லாமல் ஏறிய கதையைச் சொன்னார். அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்தவன் பாதியில் நிறுத்தினேன், முட்டிக்கொண்டு வந்தது. மெதுவாக எழுந்து கழிவறைக்குப் போனேன்.

அளந்து பார்ப்பதற்காக உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஜாடி வைத்திருந்தார்கள். முதலில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு என் ஊற்று திறந்தது. ஜாடியில் விழுந்த சத்தம் வெளியே கேட்டிருக்கிறது. நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கோப்பை வாங்கியவன் மாதிரி வெளியே வந்தேன். மருமகள் முன்னால் இப்படியா என்று பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கவிதாவோ கைதட்டினாள். கண்டக்டர் வாயில் விரலை வைத்து விசிலே அடித்துவிட்டார்.

"ரைட் ரைட். இவரு எறங்கிட்டாரு."

பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு, போகலாம் என்றார் டாக்டரம்மா. பில் பெரிசுதான். ஜாடியை நினைத்துக்கொண்டு கட்டினேன்.

இப்போது என் மில்லில் இழுப்பறை டப்பா கிடையாது. ஒரு ஆளுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை இன்னொரு ஆளுக்கு எமன் என்று தெரிந்துபோனது. கண்ணில் அழுத்தம் இருக்கிறவர், பிள்ளை உண்டாகியிருக்கிற பெண், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை எதுவானாலும் தூக்கம் தருமா தராதா என்று தெரியாமல் வண்டி எடுப்பதில்லை, மெஷின் பக்கமும் போவதில்லை. குடிக்கிற பழக்கம் உள்ளவன் அன்றைக்குக் குடிக்கக்கூடாது. டானிக்கை அதோடு வருகிற மூடியில்தான் அளக்க வேண்டும். தூசிக்கு மூக்கில் முகமூடி, தொலிக்குத் தனி ஷெட், அதற்குச் சுவரும் எழுப்பிவிட்டேன். மாத்திரையைவிட அந்தச் சுவர்தான் அதிகம் கேட்கிறது. ஒன்றை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், மாத்திரையைத் தேடிக்கொண்டு நிற்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

மறுபடி காட்டப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். உள்ளே டாக்டரம்மா ஒரு பெரியவரிடம், "மூட்டை மூணு, உரம் ஒண்ணுங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் தலையாட்டினார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வெளியே காத்திருக்கும் இடத்தில், என் ஃபேனுக்கு நேர் கீழே, புதுப் பலகை: 'மூட்டை மூன்று, உரம் ஒன்று. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடாதீர்கள்.' கீழே எந்தப் பெயரும் இல்லை.

உள்ளே போய்க் கேட்டேன்.

"பேஷண்ட் பேரப் போடக்கூடாதுங்க ஐயா. ஒங்க நோய நாங்க வெளிய சொல்ற மாதிரி ஆயிரும்" என்றார்.

"ஃபேன்ல போட்டிருக்கே."

"அது நீங்க குடுத்ததுங்க."

"இதுவும் நான் குடுத்ததுதானம்மா."

அவர் சிரித்தார். "நோயாளியே முழுசா எழுதிக் குடுத்தா யோசிக்கலாம்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இதுதான் அது. டியூப், பை, ஜாடி எதையும் மறைக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்தவன் இவ்வளவு எழுதினால் அதற்கு மேல் என்ன சம்மதம் வேண்டும்? ஃபேனில் இருக்கிற பெயரை வேண்டுமானால் அழித்துவிடுங்கள். அது கடையில் வாங்கியது. அந்த வார்த்தை அப்படியில்லை. அதைத் துடித்துக் கிடந்து சம்பாதித்தேன். பலகையின் கீழே நாலு விரல் இடம் இருக்கிறது, வைத்துப் பார்த்துவிட்டேன். 'உபயம்: கடலை மில் அடைக்கலம்' என்று எழுத அது தாராளம். பெயிண்டும் நானே கொண்டுவருகிறேன்.